நாற்காலி நகரலாம், மின்சாரம் நகருமா?

ஓர் அலுவலகத்தில் பத்துப் பேர் வேலை செய்கின்றனர். நிறுவனம் வளர்கிறது, மேலும் ஆறு பேர் வேலைக்குச் சேர்கின்றனர். வார இறுதியில் மேசைகள் இடம் மாற்றப்படுகின்றன. சுவரோரம் இருந்தவை அறையின் நடுவுக்கு வருகின்றன. திங்கட்கிழமை காலையில் எல்லாரும் வந்த பிறகுதான் சிக்கல் தெரிகிறது. மேசைகள் நகர்ந்துவிட்டன, மின்செருகுவாய்களோ சுவரிலேயே இருக்கின்றன.

இத்தகைய சூழலில் பலரும் செய்வது ஒன்றுதான். நீட்டிப்பு வடத்தை வாங்கி, சுவரிலிருந்து மேசைவரை இழுக்கின்றனர். நீளம் போதாவிட்டால் அதில் இன்னொன்றைச் செருகுகின்றனர். கால் தடுக்குமே என்று அதைத் தரைவிரிப்பின் அடியில் மறைக்கின்றனர். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. மின்சாரம் பாயும்போது வடம் சூடாகும். அந்தச் சூடு காற்றில் கலந்து வெளியேற வேண்டும். விரிப்பின் அடியில் அதற்கு வழியில்லை. நடப்போரின் மிதிபட்டு வடத்தின் உறையும் நைந்துபோகும். மின்கசிவும் தீயும் ஏற்பட அதுவே போதும்.

இந்த ஆபத்தைக் கணக்கிட்டும் பார்க்கலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். மூன்று முனை மின்செருகி தாங்கும் மின்னோட்டம் 13 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 2,990 வாட். 65 வாட் மடிக்கணினிகள் சிலவற்றை ஒரே நீட்டிப்பு வடத்தில் இணைத்தால் சுமை மிகாது. ஆனால், அதே வடத்தில் 2,200 வாட் மின்கெண்டியையும் 1,200 வாட் நுண்ணலை அடுப்பையும் ஒரே நேரத்தில் இயக்கினால் சுமை 3,400 வாட் ஆகிவிடும். அது வடத்தின் எல்லையைத் தாண்டிய சுமையாகும்.

முற்காலத்தில் அலுவலகங்கள் சிறுசிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. சுவர் அருகிலேயே இருந்ததால் ஒவ்வொரு மேசைக்கும் மின்னிணைப்பு எளிதில் கிடைத்தது. 1950களின் இறுதியில் ஜெர்மனியின் குவிக்போர்ன் குழுவினர் உட்சுவர்களை நீக்கி, திறந்த பரப்பில் மேசைகளைக் குழுக்களாக அமைக்கும் முறையைக் கொண்டுவந்தனர். 1968இல் அமெரிக்க வடிவமைப்பாளர் ராபர்ட் புரோப்ஸ்ட், கழற்றி மாட்டக்கூடிய தடுப்புகளும் மேசைகளும் கொண்ட அறைகலன் தொகுதியை ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக உருவாக்கினார். வேலை மாறும்போது அலுவலகமும் மாற வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1980களில் கணினிகள் மேசைதோறும் வரத் தொடங்கின. சுவரே இல்லாத இடத்தில் மின்சாரத்தையும் தரவையும் எப்படித் தருவது என்ற கேள்வி பெரிதாக எழுந்தது.

அதற்கான விடை காலடியிலேயே கிடைத்தது. ஹாங்காங்கில் 1986இல் திறக்கப்பட்ட எச்எஸ்பிசி வங்கிக் கட்டடம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த அக்கட்டடத்தில், கழற்றக்கூடிய தளத்தின் அடியில் மின்வடங்களும் தொலைத்தொடர்பு வடங்களும் குளிர்காற்றும் செல்கின்றன.

இத்தகைய தளம் உயர்த்தப்பட்ட தளம் எனப்படும். கட்டடத்தின் கான்கிரீட் தரைமீது சிறிய உலோகக் கால்கள் நிறுத்தப்படும். அவற்றின்மேல் சதுரப் பலகைகள் அடுக்கப்படும். பொதுவாக ஒரு பலகையின் பக்க அளவு 60 சென்டிமீட்டர். மேசையை நகர்த்த வேண்டுமானால், உறிஞ்சுபிடியால் பலகையைத் தூக்கி, மின்செருகுவாய்கள் கொண்ட தரைப்பெட்டியைப் புதிய இடத்தில் பொருத்தலாம். சுவரை உடைக்க வேண்டியதில்லை. நடைபாதையில் வடமும் கிடக்காது. சக்கர நாற்காலியில் வருபவரும் தடையின்றிச் செல்லலாம்.

தளத்தின் அடியில் எல்லா வடங்களையும் ஒன்றாகத் திணித்துவிடக் கூடாது. மின்வடமும் தரவு வடமும் தனித்தனிப் பாதையில் செல்ல வேண்டும். மின்வடத்தைச் சுற்றி உருவாகும் மின்காந்தப் புலம் தரவைக் குலைக்கக்கூடும். இதைக் குறைக்கவே தரவு வடத்தின் உள்ளே கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டுள்ளன. வெளியிலிருந்து வரும் குறுக்கீடு இரு கம்பிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்குவதால், பெறும் கருவி அதனை நீக்கிவிட முடிகிறது. தொலைபேசிக் கம்பிகளுக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற முறை இது. அலுவலகங்களில் பயன்படும் செப்புத் தரவு வடத்தின் நீளம் பொதுவாக 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. எனவேதான் பெரிய கட்டடங்களில் வடங்கள் வந்து சேரும் சிற்றறை மாடிதோறும் இருக்கிறது.

கம்பியில்லா இணையம் வந்த பிறகு வடங்கள் எதற்கு எனக் கேட்போரும் உண்டு. மடிக்கணினிக்குக் கம்பியின்றி இணையம் தரும் கருவியும் வடத்தின்மூலமே இணையத்தைப் பெறுகிறது. இன்று அந்தத் தரவு வடமே மின்சாரத்தையும் கொண்டுசெல்கிறது. இதற்காக 2003இல் வந்த தரநிலை 15.4 வாட் வரை அனுமதித்தது. 2018இல் வந்த தரநிலை 90 வாட் வரை அனுமதிக்கிறது. கண்காணிப்புக் கருவி, தொலைபேசி, சில வகை விளக்குகள் ஆகியவற்றுக்குத் தனி மின்வடம் தேவையில்லாமல் போயிற்று.

ஆயினும், நல்ல அமைப்பும் கவனிப்பாரின்றிக் கெடும். எந்த வடம் எங்கே செல்கிறது என்ற குறிப்பு இல்லையென்றால், ஒன்றைக் கழற்ற முயல்பவர் மற்றொருவரின் வேலையை நிறுத்திவிடுவார். யாரும் அகற்றாத பழைய வடங்கள் தளத்தின் அடியில் குவிந்து, காற்றுப் பாதையை அடைக்கும். தீப்பிடித்தால் புகையையும் பெருக்கும். ஆகையால், வடத்தின் இரு முனைகளிலும் எண் ஒட்டுவதும், வரைபடத்தைப் புதுப்பிப்பதும், பயன்படாத வடத்தை எடுத்துவிடுவதும் தேவையான பணிகளாகும். மின்னிணைப்பை மாற்றும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும்.

வீடு கட்டும்போதே வடிகாலை அமைப்பது போல, அலுவலகத்தைத் திட்டமிடும்போதே வடங்களின் பாதையையும் திட்டமிட வேண்டும். அப்படிச் செய்திருந்தால், அந்தத் திங்கட்கிழமை காலையில் புதிதாக வந்த ஆறு பேரும் அச்சமின்றிக் கணினியை இயக்கியிருப்பார்கள். காலடியில் மின்சாரம் ஓடுவதை அவர்கள் நினைத்துப் பார்த்திருக்கவும் மாட்டார்கள்.