பூட்டும் சில்லும்

சிறுமலை ஒருபாலும் பழனி மலைத்தொடர் மற்றொருபாலும் விளங்க, இடையே பரந்து கிடக்கும் சமவெளியில் அமைந்த நகரம் திண்டுக்கல். ஊரின் நடுவே ஓங்கி நிற்கும் பாறைக்குன்றும், அதன்மேல் நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டையும் அந்நகரின் அடையாளங்களாம். கோட்டையைப் போலவே அந்நகரின் பெயரை நாடெங்கும் பரப்பியது, அங்குள்ள கைவினைஞர் செய்யும் பூட்டு. 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடு பெற்றது.

அப்பூட்டின் உறுதி அதன் கனத்தில் மட்டும் இல்லை. அகத்தே உள்ள அமைப்பில் இருக்கிறது. கூட்டினுள் லீவர் என்று வழங்கும் மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு உண்டு. உரிய சாவி நுழைந்து திரும்பும்போது, அதன் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் குறித்த அளவு உயர்த்துகின்றன. வெட்டுகள் யாவும் ஒரே நேராக வந்தால்தான் தாழ் நகரும். ஒரு தகடு சற்றே கூடினாலும் குறைந்தாலும் பூட்டுத் திறவாது. கூடும் தாழும் பழையனவாகவே இருப்பினும், தகடுகளின் வெட்டை மாற்றி அமைத்துவிட்டால் அது வேறொரு பூட்டாகிவிடும். பொருள் மாறவில்லை, அமைப்பு மாறிற்று. இவ்வுண்மையை மனத்திற்கொண்டால், இக்காலக் கணிப்பொறித் துறையின் நுட்பமான ஆராய்ச்சி ஒன்றை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

கணிப்பொறியின் உயிர்நிலையாக இருப்பது சிலிக்கான் சில்லு. சில்லுகளுள் இரு வகை உண்டு. ஒன்று, செயலி எனப்படும் பொதுச் சில்லு. எவ்வேலையைக் கொடுத்தாலும் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து அது செய்து முடிக்கும். ஆயின் ஒவ்வோர் அடியிலும் கட்டளையைப் படித்துப் பொருள் அறிய வேண்டியிருத்தலின் காலமும் மின்சாரமும் மிகுதியாகச் செலவாகும். மற்றொன்று, ஒரே வேலைக்கென்று செய்த தனிச் சில்லு. அது மிக விரைவாக இயங்கும். ஆனால் பிறிதொரு வேலைக்குப் பயன்படாது. அதனை உருவாக்கும் செலவும் பெரிது. வடிவமைப்பில் நேர்ந்த ஒரு பிழை, ஆலையில் உருவாகி வந்த பின்னர்த் தெரியுமாயின், செய்த சில்லுகள் அனைத்தும் வீணாதலும் உண்டு.

இவ்விரண்டின் நன்மையையும் ஒருங்கே பெறுதல் இயலுமா? இவ்வினாவுக்கு 1960ஆம் ஆண்டில் விடை கூற முயன்றவர் அமெரிக்க அறிஞர் ஜெரால்டு எஸ்ட்ரின். நிலையான செயலி ஒன்றும், வேலைக்கேற்ப உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் பகுதி ஒன்றும் சேர்ந்து இயங்கும் கணிப்பொறியை அவர் எடுத்துரைத்தார். கருத்துச் சிறந்ததே, எனினும் அதனை நன்கு நிறைவேற்றும் கருவிகள் அக்காலத்தில் இல்லை. கால் நூற்றாண்டு கழிந்த பின்னர், 1985ஆம் ஆண்டில், ராஸ் ஃபிரீமன் என்பாரும் அவர்தம் தோழர்களும் நிறுவிய சைலிங்ஸ் நிறுவனம் 64 தருக்கக் கட்டங்கள் கொண்ட சில்லு ஒன்றை வெளியிட்டது. வாங்குவோரே அதன் உள்ளமைப்பை வகுத்துக்கொள்ளலாம். இவ்வினச் சில்லுகளை எஃப்.பி.ஜி.ஏ. என வழங்குவர்.

அது இயங்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். திண்டுக்கல் சமவெளியில் ஓர் உழவரின் கிணற்றில் மோட்டார் இருக்கிறது. அது தானே ஓடவும் நிற்கவும் வேண்டும். அதற்கு மூன்று செய்திகள் தேவை: கிணற்றில் நீர் உண்டா? மின்னழுத்தம் போதுமா? தொட்டி நிறைந்துவிட்டதா? ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்பதே விடை. ஆகவே எட்டு நிலைகளே நேரக்கூடும். அவ்வெட்டு நிலைகளையும் ஒரு பட்டியலில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘ஓடு’ அல்லது ‘நில்’ என்று குறித்துவிட்டால் போதும். நீர் உண்டு, மின்னழுத்தம் போதும், தொட்டி நிறையவில்லை என்னும் ஒரு நிலைக்கு மட்டுமே ‘ஓடு’ என்னும் விடை பொருந்தும்.

கோடையில் தொட்டி நிறைந்த பின்னரும் வாய்க்காலில் நீர் பாய வேண்டும் என்று உழவர் எண்ணுவாராயின், பட்டியலில் ஒரே ஒரு விடையை மாற்றினால் போதும். கம்பியை வெட்ட வேண்டுவதில்லை. புதுக் கருவி வாங்க வேண்டுவதும் இல்லை. எஃப்.பி.ஜி.ஏ. சில்லின் ஒவ்வொரு கட்டத்திலும் இத்தகைய பட்டியல் உண்டு. நான்கு செய்திகளை ஏற்கும் பட்டியலில் 16 விடைகள் அடங்கும். அவற்றை 65,536 வகையாக நிரப்பலாம். கட்டங்களை இணைக்கும் பாதைகளும் மாற்றத்தக்கனவே. இக்காலத்துப் பெருஞ்சில்லுகளில் இலட்சக்கணக்கான பட்டியல்கள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை மின்சாரம் நின்றவுடன் தம் அமைப்பை மறந்துவிடும். மீண்டும் இயங்கத் தொடங்குகையில் வேறொரு நினைவகத்திலிருந்து அதனைப் பெற்றுக்கொள்ளும்.

பல வேலைகள் ஒரே கணத்தில் நிகழவேண்டிய இடங்களில் இச்சில்லுகள் பெரிதும் பயன்படுகின்றன. புணே நகருக்கு வடக்கே கோடத் என்னும் சிற்றூரின் அருகில் அமைந்த பேருரு வானொலித் தொலைநோக்கியில் 30 அலைவாங்கிகள் உள்ளன. ஒவ்வொன்றின் விட்டமும் 45 மீட்டர். அவை விண்ணிலிருந்து ஓயாது பெறும் குறிப்புகளைப் பகுத்தாயும் பணியில் எஃப்.பி.ஜி.ஏ. சில்லுகளும் பங்கு கொள்கின்றன. ஆயினும் இவற்றுக்குக் குறையும் உண்டு. ஒரே வேலைக்கென்று செய்த தனிச் சில்லைவிட இவை விரைவிற் குறைந்தவை. இடத்தையும் மின்சாரத்தையும் மிகுதியாகக் கொள்பவை. மாறும் தன்மைக்குத் தரும் விலை அது.

தமிழ்நாட்டிலும் இத்துறையில் அரும்பணி நடைபெற்றுள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி முதலிய அறிஞர்கள் ‘சக்தி’ என்னும் செயலியை வடிவமைத்தனர். பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் 2010ஆம் ஆண்டில் தோன்றி, யாவரும் பயன்படுத்துமாறு வெளியிடப்பட்ட ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியே அதற்கு அடிப்படை. வடிவத்தை நேரே ஆலைக்கு அனுப்பாமல், எஃப்.பி.ஜி.ஏ. சில்லில் ஏற்றி இயக்கிச் சோதித்தனர். அங்குக் கண்ட பிழையை அன்றே திருத்தலாம். ஆலையில் உருவான பின்னர்த் திருத்த இயலாது. 2018ஆம் ஆண்டில் சக்திச் செயலி அமெரிக்காவில் இன்டெல் நிறுவனத்தின் ஆலையிலும், பின்னர் மொகாலியில் உள்ள இந்திய அரசின் குறைகடத்தி ஆய்வுக்கூடத்திலும் சில்லாக உருப்பெற்றது. விண்வெளிப் பணிக்கென இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய ‘ஐரிஸ்’ சில்லு 2025ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

இம்முயற்சி எதற்காக? பிறர் செய்த செயலியை வாங்குவோர், உள்ளே காண இயலாத பூட்டை வாங்கி வாயிற்கதவில் மாட்டுவோரை ஒப்பர். மறுசாவி ஒன்று வேறெவரிடமேனும் இருக்குமோ என்னும் ஐயம் அவர்க்கு நீங்காது. வங்கியும் மின்நிலையமும் படைக்கலமும் செயலிகளை நம்பி இயங்கும் இக்காலத்தில், அவ்வையம் சிறிதன்று. சக்தியின் வடிவமோ யாவரும் படித்து ஆராயுமாறு வெளியிடப்பட்டுள்ளது. நல்ல பூட்டின் வலிமை அதன் அமைப்பை மறைப்பதில் இல்லை. சாவியைக் காப்பதில் இருக்கிறது. மாறும் சில்லுக்கும் இது பொருந்தும். உரியவர் மாற்றத்தக்க அமைப்பைப் பகைவரும் மாற்ற முயலலாம். ஆதலால் அமைப்புக் குறிப்பை மறையெழுத்தாக்கி, உரிய சாவி உடையோர் மட்டுமே ஏற்றுமாறு காப்பது இத்துறையின் இன்றியமையாத கடமையாயிற்று.

இயந்திரங்களில் பெருந்தொகையாகச் செய்து மலிவாக விற்கும் அலிகார்ப் பூட்டுகளின் போட்டியால், திண்டுக்கல் கைவினைஞரின் தொகை குறைந்து வந்துள்ளது. கையால் ஒவ்வொன்றாகச் செய்வது விலை மிகும். இயந்திரத்தால் ஒரே வகையாகச் செய்வது மலியும். தேவைக்கேற்ற தனித்தன்மையும் மலிவும் ஒருங்கே கிடைத்தல் அரிது என்னும் இவ்விடர்ப்பாட்டையே மாறும் சில்லுகளை ஆராய்வோரும் தீர்க்க முயல்கின்றனர். பட்டறையில் அரத்தால் தகட்டை இழைப்பவரும், ஆய்வுக்கூடத்தில் பட்டியலை நிரப்புபவரும் செய்யும் தொழில் வேறு. அவர்க்கு வேண்டிய பண்பு ஒன்றே. அளவிற் பிழையாமை அப்பண்பாகும். கைத்தொழிலின் நுட்பத்தை மதிக்கக் கற்ற நாடே அறிவியலின் நுட்பத்தையும் தனதாக்கிக்கொள்ளும்.