மூட்டில் சீழ் பிடித்தல்: அன்றே கவனிக்க வேண்டிய வியாதி

தஞ்சாவூர்ச் சீமையில் நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுத்தல் யாவும் சேற்றில் நின்று செய்யும் வேலைகள். இவற்றிற்கெல்லாம் முழங்கால்களே ஆதாரம். உழவு மாடு இறந்தால் சங்கத்தில் கடன் பெற்று வேறு மாடு வாங்கலாம். முழங்கால் கெட்டுப்போனால் அதற்கு மாற்று எளிதில் கிடையாது. ஆதலால் மூட்டில் சீழ் பிடிக்கும் வியாதியைப் பற்றி அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

1. காரணம்

மூட்டில் சந்திக்கும் எலும்புகளின் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதைச் சுற்றிச் சவ்வினாலான பையும், பையினுள் சிறிதளவு நீரும் உண்டு. சேற்றுப்புண், முள் குத்திய காயம், அரிவாள் வெட்டு, கட்டி முதலியவற்றின் வழியே இரத்தத்தில் புகும் கிருமிகள் சில சமயம் இந்நீரை அடைந்து பெருகுகின்றன. பெரும்பாலும் காரணமாக இருப்பது தோலில் வசிக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமியாகும். சீழ் உண்டானால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அரிக்கப்பட்டுவிடும். அச்சேதம் பின்னர் நிவர்த்தியாவதில்லை. கிருமி உடலெங்கும் பரவினால் உயிருக்கும் அபாயம் நேரிடும்.

ஈர மண்ணிலும் நெல் வயல் நீரிலும் வாழும் மற்றொரு கிருமி மெலியாய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகிறது. இந்நோயை 1912-ல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்னும் இரு வைத்தியர்கள் முதன்முதலில் விவரித்தனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இந்நோயாளிகள் கண்டறியப்பட்டிருக்கின்றனர். நீரிழிவுள்ளவர்களையே இது அதிகமாகத் தாக்கும். மூட்டிலும் சீழ் வைக்கும். வழக்கமான மருந்துகள் பல இதற்குப் பலிப்பதில்லை. ஆகையால் வயல் வேலை செய்வதையும், நீரிழிவு இருந்தால் அதனையும் வைத்தியரிடம் தெரிவித்துவிட வேண்டும்.

2. குறிகள்

முதுமையில் வரும் முழங்கால் வலி வருஷக் கணக்கில் மெல்ல வளர்வது. இவ்வியாதியோ ஓரிரு நாட்களில் முற்றிவிடும். பெரும்பாலும் ஒரே மூட்டு வீங்கிச் சூடாகி, அசைக்க முடியாதபடி வலிக்கும். சுரமும் குளிரும் காணலாம். முதியோருக்கும் நீரிழிவுள்ளோருக்கும் சுரமின்றியே வருவதுண்டு. சுரமுள்ள குழந்தை திடீரென்று நடக்க மறுத்தாலும், ஒரு காலை அசைக்காமலே வைத்திருந்தாலும், இடுப்பு மூட்டில் சீழ் இருக்கலாமெனச் சந்தேகிக்க வேண்டும்.

3. செய்யத் தகாதவை

எண்ணெய் தடவி நீவுதல், சூடு போடுதல், பற்றுப் போட்டு இறுகக் கட்டுதல் ஆகியவை கூடா. கடையில் மாத்திரை வாங்கித் தின்று நாட்களைக் கடத்துவதும் தவறு. அதனால் குறிகள் மறைந்து, கிருமியைக் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.

4. செய்ய வேண்டியவை

காலை அசையாமல் தாங்கி வைத்து, அன்றே நோயாளியை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. 108 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால் வண்டி வரும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. அங்கே மூட்டு நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பார்கள். அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. சீழை வெளியேற்றாமல் மருந்து மாத்திரம் கொடுப்பது பெரும்பாலும் போதாது. மருந்தை முதலில் இரத்தக் குழாய் வழியாகவும், பின்னர் வாய் வழியாகவும் பல வாரங்கள் கொடுப்பார்கள். மெலியாய்டோசிஸுக்கு 3 மாதங்களோ அதற்கு மேலுமோ ஆகும். வலி தணிந்ததும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். வைத்தியர் சொல்லும் காலத்தில் மூட்டை மடக்கி நீட்டிப் பழக்காவிடில் அது விறைத்துப்போகும்.

5. தடுப்பும் சங்கத்தின் கடமையும்

வயலிலிருந்து கரையேறியதும் கால்களைச் சோப்பிட்டு நல்ல நீரில் கழுவித் துடைக்க வேண்டும். காயம் ஆறும்வரை சேற்றில் இறங்காதிருத்தல் நலம். இறங்க நேர்ந்தால் காயத்தை மூடி, ரப்பர் பூட்ஸ் அணிந்துகொள்க. நீரிழிவைக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல் மிக முக்கியம்.

நடவு தொடங்குமுன் கூடும் கூட்டத்தில் சங்கத்தார் இப்பாடத்தைப் படித்துக் காட்டலாம். இரவில் நோயாளியை ஏற்றிச் செல்ல வண்டி தரக்கூடிய அங்கத்தினரின் பெயர்களைச் சங்கக் கட்டடத்தில் எழுதி வைக்கலாம். இதற்குச் செலவு சொற்பம். நடவு முடியட்டுமென்று நான்கு நாள் பொறுத்திருந்தால், ஒரு குடும்பம் தன் உழைப்பாளியை ஆயுள் முழுதும் இழக்க நேரிடும்.