ஏழு படிக்குள் 6174

அன்புள்ள யாழினிக்கு,

கணக்கு என்றாலே பரீட்சை பயம்தான் வருகிறது என்று எழுதியிருந்தாய். பரீட்சையை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள். எண்களோடு விளையாடிப் பார்ப்போம்.

ஏதாவது ஒரு நாலு இலக்க எண்ணை எழுது. 1111, 7777 போல எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதன் இலக்கங்களை இறங்கு வரிசையில் அடுக்கு. பிறகு ஏறு வரிசையில் அடுக்கு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி. வந்த விடையையும் இதேபோல் அடுக்கிக் கழி. விடை மூன்று இலக்கமாகிவிட்டால் முன்னால் ஒரு 0 சேர்த்துக்கொள்.

1905-ஐ வைத்துச் செய்து காட்டுகிறேன்:

9510 − 0159 = 9351
9531 − 1359 = 8172
8721 − 1278 = 7443
7443 − 3447 = 3996
9963 − 3699 = 6264
6642 − 2466 = 4176
7641 − 1467 = 6174

இனி எத்தனை முறை கழித்தாலும் 6174-தான் வரும். நீ எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் இங்கேதான் வந்து நிற்பாய். 1905-க்கு அந்த ஏழு படியும் தேவைப்பட்டிருக்கிறது, பார்.

1905-ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்த உண்மையைக் கண்டுபிடித்த டி. ஆர். காப்ரேகர் பிறந்த ஆண்டு அது. மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கத்திலுள்ள தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பெரிய பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவருக்கு இல்லை. எண்களின் மேல் இருந்த தீராத ஆசையால் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்தார். 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் 6174-ஐப் பற்றி அறிவித்தார். 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய பிறகு உலகமெங்கும் அவர் பெயர் தெரிந்தது.

வியந்ததோடு நீ நின்றுவிடக் கூடாது. ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்கும்போதுதான் கணிதம் தொடங்குகிறது.

முதல் படியைக் கவனி. 9510-இல் இரு முனையிலும் உள்ள 9, 0 ஆகியவற்றின் வித்தியாசம் 9. அதை 999-ஆல் பெருக்கினால் 8991. நடுவில் உள்ள 5, 1 ஆகியவற்றின் வித்தியாசம் 4. அதை 90-ஆல் பெருக்கினால் 360. இரண்டையும் கூட்டு: 9351. கழித்து வந்த அதே விடை! எந்த எண்ணுக்கும் இது பொருந்தும். ஆகவே விடையைத் தீர்மானிப்பவை இந்த இரண்டு வித்தியாசங்கள் மட்டுமே.

முனை வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம். நடு வித்தியாசம் அதைவிடப் பெரிதாக முடியாது. முனை 1 என்றால் நடுவுக்கு 0, 1 என இரண்டு வாய்ப்பு. முனை 2 என்றால் மூன்று. இப்படியே 9-க்குப் பத்து. 2 முதல் 10 வரை கூட்டினால் 54. நீ தொடங்கக்கூடிய நாலு இலக்க எண்கள் 8991. அத்தனையும் முதல் கழித்தலிலேயே 54 விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த 54-ஐயும் சரிபார்த்துவிட்டால் அதுவே முழு நிரூபணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இதே காரணத்திலிருந்து உன் தோழிகளோடு ஆட ஒரு விளையாட்டும் கிடைக்கிறது. 999, 90 இரண்டும் 9-இன் மடங்குகள். அதனால் விடையும் 9-இன் மடங்கு. அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையும் அப்படியே. தோழியை ஒரு முறை கழிக்கச் சொல். விடையில் 0 அல்லாத ஓர் இலக்கத்தை மறைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் சொல்லட்டும். 9, 3, 1 என்றால் கூட்டு 13, அடுத்த 9-இன் மடங்கு 18, மறைத்தது 5.

இனி உன் முறை. மூன்று இலக்க எண்களிலும் இதேபோல் கழித்துப் பார். எல்லா இலக்கமும் ஒன்றாக உள்ள எண்களை இங்கும் விட்டுவிடு. விடை இரண்டு இலக்கமானால் முன்னால் 0 சேர்த்துக்கொள். அங்கேயும் ஓர் எண் காத்திருக்கிறது. நடு இலக்கம் தானாகவே கழிந்துபோய்விடுவதால் நீ சோதிக்க வேண்டியவை ஒன்பதே விடைகள். அடுத்த கடிதத்தில் அந்த எண்ணை மட்டும் எழுதினால் போதாது. ஏன் அதுவே வருகிறது என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அத்தை