தூக்கம் வராத ராத்திரிகள்: வீட்டு வைத்தியம் எதுவரைக்கும்?



சில மாதங்களுக்கு முன் காசிமேட்டில் ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வரவு எழுதி முடிந்ததும், காலையில் இட்லிக் கடை போடும் ஒரு அக்கா சொன்னார்: "மேடம், கடன் விஷயம் அப்புறம் பேசலாம். எனக்கு மூணு மாசமா ராத்திரியில கண்ணே மூட மாட்டேங்குது. அதுக்கு எதாச்சும் சொல்லுங்க." உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஜாதிக்காய் என்றார் ஒருவர், கசகசா என்றார் இன்னொருவர். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே ஒரு மாத்திரை கிடைக்கும் என்றார் மூன்றாமவர். அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. டாக்டரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கணும். தூக்கம் வராதது வேறு, தூங்க நேரம் இல்லாதது வேறு. மீன் ஏலத்துக்காக விடியுமுன்னே துறைமுகம் போகிற அக்கா, பாயில் தலை வைத்ததும் தூங்கிவிடுகிறார் என்றால் அவருக்கு வைத்தியம் வேண்டாம். எட்டு மணிக்கு டி.வி.யை நிறுத்துகிற குடும்பம்தான் வேண்டும். படுக்க நேரம் இருந்தும் வாரத்தில் மூன்று ராத்திரியாவது தூக்கம் பிடிக்காமல், அது மூன்று மாதம் நீடித்து, பகல் வேலையும் கெட்டால் அதைத்தான் நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள்.

நம்ம பகுதியில் இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கண்டெய்னர் லாரி சத்தம், ஒரே அறையில் ஆறு பேர், கொசு. அதற்கு மேலே பயம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அலைச்சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்தவர்கள் நம் குழுக்களில் உண்டு. 2023-ல் அதே டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடினார்கள். அப்படி ஓடினவர்களுக்கு உடம்பு படுத்தாலும் காது படுக்காது. இது அவர்களுடைய பலவீனம் இல்லை.

சரி, வீட்டு வைத்தியத்துக்கு வருவோம். சூடான பால் குடிக்கலாம், கெடுதல் இல்லை. ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது. அதிகமானால் வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம் வரும். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். கைக்குழந்தை தூங்கட்டும் என்று கசகசா அரைத்து ஊற்றுவதை இன்னமும் பார்க்கிறேன். அது அபின் செடியின் விதை, குழந்தைக்கு மூச்சுத் திணறலாம். தயவுசெய்து நிறுத்துங்கள். அமுக்கராச் சூரணம் ஓரளவு உதவுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கர்ப்பிணிகள், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. சித்த வைத்தியம்தான் வேண்டும் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது; பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் நேராகப் போகலாம்.

எனக்குப் பிடித்த வைத்தியம் வெந்நீர். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெந்நீரில் குளிப்பது, முடியாவிட்டால் கால் மட்டும் நனைப்பது. கை கால் வழியாக உடம்புச் சூடு வெளியேறும்போதுதான் தூக்கம் வருகிறது. நாள் முழுக்க ஐஸில் நின்ற காலுக்கு இதமாகவும் இருக்கும். அதோடு டீயைப் பாருங்கள். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதில் உள்ள காபீன் பாதி உடம்பிலேயே நிற்கும். மதியத்துக்கு மேல் டீ வேண்டாம். ராத்திரி கன்னத்தில் அடக்கும் புகையிலையும் தூக்கத்தை விரட்டும்.

இவ்வளவும் லேசான தூக்கக் குறைவுக்குத்தான். நாள்பட்டதுக்கு மருந்தில்லாத முறை ஒன்று உண்டு. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிசியன்ஸ் என்ற டாக்டர்கள் அமைப்பு 2016-ல், மாத்திரைக்கு முன்னால் இந்த வழியைத்தான் பார்க்கச் சொன்னது. கேட்டால் தலைகீழாகத் தோன்றும்: படுக்கும் நேரத்தைக் கூட்டக் கூடாது, குறைக்கணும்.

நம்ம இட்லிக்கடை அக்கா ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார். பன்னிரண்டு வரை புரளுவார். நாலரைக்கு எழணும். அவரைப் பதினோரு மணிக்கு முன் பாய் விரிக்க வேண்டாம் என்றோம். எழுவது மட்டும் தினமும் நாலரைதான், ஞாயிற்றுக்கிழமையும். பகல் தூக்கம் கிடையாது. படுத்து இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் பாயை விட்டு எழுந்து வாசற்படியிலோ அடுப்படியிலோ சும்மா உட்காரணும். செல்போன் கூடாது, மணியும் பார்க்கக் கூடாது. கண் சொருகும்போது திரும்பப் படுக்கலாம். பாய் என்றால் தூக்கம் என்று உடம்பு மறுபடி கற்றுக்கொள்ளணும், அதுதான் சூட்சுமம். தூக்கம் பிடித்துவிட்டால் வாரம் கால் மணி நேரம் முன்னால் படுக்கலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் குறைக்காதீர்கள். வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் செய்யணும்.

முதல் வாரம் அக்கா என்னைத் திட்டித் தீர்த்தார். பகலெல்லாம் தள்ளாட்டம். ஐந்தாம் வாரத்தில் பதினோரு மணிக்குப் படுத்தால் கால் மணியில் தூங்குவதாகச் சொன்னார்.

ஆனால் அவரை முழிக்க வைத்தது எது? வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. வருமானம் நின்றது, வாரத் தவணை நிற்கவில்லை. இதற்கு எந்தச் சூரணமும் கேட்காது. அவர் குழு, தடைக்காலத்தில் சங்கக் கடனுக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று தீர்மான நோட்டில் எழுதியது. மற்ற குழுக்களும் மார்ச் மாதமே இதைப் பேசி முடிவெடுங்கள்.

மெடிக்கல் ஷாப் மாத்திரை பற்றி. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மாத்திரை அது. பல மாதமாகச் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள், வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கணும்.

படுத்தால் கால் குடைச்சல் என்றால் ரத்தசோகையாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பலத்த குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறது என்று வீட்டில் சொன்னாலும் டாக்டரைப் பார்க்கணும். விடியுமுன் விழிப்பு வந்து காரணமில்லாமல் அழுகை, எதிலும் பிடிப்பில்லை, உயிரை விடலாமா என்ற எண்ணம் இருந்தால் தாமதிக்காதீர்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு நோட்டில் இரண்டு வாரத்துக்குக் கோடு போட்டு, படுத்த நேரம், எழுந்த நேரம், குடித்த டீ எத்தனை என்று குறித்துக்கொண்டு வாருங்கள். எழுத வராதவர்களுக்கு ஊக்குநரோ பிள்ளைகளோ எழுதித் தரலாம். அதைப் பார்த்து யார் எத்தனை மணிக்குப் பாய் விரிப்பது என்று சேர்ந்து கணக்குப் போடுவோம்.