நடு நேரம் என்று ஒன்றில்லை
பஞ்சாங்கம் கணிக்கத் தொடங்கியிருக்கும் தம்பிக்கு



சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள் காளி கோயிலடியில் ஒரு அம்மா உம்மிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது. வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லுது, திருக்கணித பஞ்சாங்கம் வேறொன்று சொல்லுது, மருத்துநீர் எப்ப வைக்கிறது? நீர் இரண்டுக்கும் நடுவில் ஒரு நேரத்தைச் சொல்லி அனுப்பினீர். இரக்கத்தால் செய்த பிழை அது. அந்த நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை.

பன்னிரண்டு சந்திர மாதம் 354 நாள். சூரிய வருடம் 365 நாளும் சொச்சமும். மிஞ்சும் பதினொரு நாளை என்ன செய்வது என்று யூதரும் சீனரும் எங்களைப் போலவே மண்டையை உடைத்தவர்கள்தான். 19 வருடத்தில் 7 மாதம் கூட்டினால் ஏறக்குறைய ஒட்டும் என்பது இருவருக்கும் தெரியும். அதன் பிறகு வழி பிரிகிறது.

யூதர் ஒரு காலத்தில் பிறை கண்ட சாட்சிகளை விசாரித்து மாதம் தொடக்கினார்கள். தேசம் தேசமாகச் சிதறிய மக்களுக்கு அது சரிவரவில்லை. மாதத்துக்கு 29 நாள், 12 மணி, மணியை 1080 கூறாக்கி அதில் 793 கூறு என்று சராசரியைக் கட்டிவிட்டார்கள். வானத்தைப் பாராமலே எல்லா ஊரிலும் பண்டிகை ஒரே நாளில் வரும். ஆனால் 216 வருடத்துக்கு ஒரு நாள் அளவில் சூரியனிடமிருந்து விலகிப் போகிறது.

சீனர் 1645 முதல் சூரிய சந்திரர் உண்மையில் நிற்கும் இடத்தையே எடுக்கிறார்கள். குளிர்காலக் கதிர்த்திருப்பம் விழும் மாதத்திலிருந்து அடுத்த அத்தகைய மாதத்துக்கு முன் வரை பதின்மூன்று மாதம் விழும் வருடத்தில், சூரியன் தன் பாதையின் புதிய ராசிப் பகுதிக்குள் நுழையாத முதல் மாதம் மிகைமாதம். சங்கிராந்தி இல்லாததை நாங்கள் அதிகமாதம் என்கிறோமே, அதன் உடன்பிறப்பு. எங்கள் அளவு நட்சத்திரத்திலிருந்து, அவர்களுடையது சம இரவுப் புள்ளியிலிருந்து. இதிலும் சறுக்கல் உண்டு. 2033இல் அப்படிப்பட்ட மாதம் ஒன்றுக்கு மேல் வருவதால், பழைய அச்சு நாட்காட்டிகள் மிகைமாதத்தை ஏழாம் மாதத்துக்குப் பின் வைத்தன. பதினோராம் மாதத்துக்குப் பின் என்பதே சரி. அச்சில் இருக்கிறது என்பதற்காக நம்பாதேயும், உம்முடைய கையால் போட்டுப் பாரும்.

பழைய கட்டுக்கணக்கை அப்படியே பின்பற்றும் எங்கள் வாக்கியம் யூதர் கணக்கின் இனம், சூரிய சந்திரரின் உண்மை இடத்தை எடுக்கும் திருக்கணிதம் சீனர் கணக்கின் இனம். வாக்கியத்தை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு சேராதேயும். 1825இல் வானியலாளர் ஜோன் வாரன் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதரைக் கண்டு எழுதியிருக்கிறார். தரையில் சோழி வைத்து, வாக்கியங்களை மனத்திலிருந்து எடுத்து, அந்த மனிதர் சந்திரகிரகணம் கணித்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், முடிவில் 52. இரண்டையும் நான் சொல்கிறேன். அந்த 4ஐ நினைத்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கும், 52ஐ மறைக்கவும் மனம் வராது.

ஆகவே அடுத்த முறை அந்த அம்மா வந்தால், உங்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் என்று முதலில் கேளும். அதன் நேரத்தை அதன் பெயரோடு சொல்லும். யாழ்ப்பாணத்துக்குக் கணித்த சூரிய உதயத்தை இங்கே திருகோணமலையில் அப்படியே எடுக்காதேயும். நாங்கள் ஒன்றேகால் பாகை அளவு கிழக்கே இருக்கிறோம், 5 நிமிட வித்தியாசம் வரும்.

எங்கள் வானத்தில் தெரியும் அடுத்த சந்திரகிரகணத்துக்கு இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுக்கொண்டு உட்துறைமுகக் கரைக்கு வாரும். மணிக்கூடு நான் கொண்டு வருவேன்.