பரிமாறப் போகும் மருமகனுக்கு

அன்பு மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். உன் அப்பா போனில் பேசினான். கல்லூரியின் பயிற்சி உணவகத்தில் உனக்குப் பரிமாறும் முறை வருகிறதாம். "இத்தனை மார்க் எடுத்த பிள்ளை டெல்லி வரைக்கும் போய்த் தட்டு எடுக்கவா படிக்கிறான்?" என்று கேட்டான். சமையல் முறை என்றால் அவனுக்குச் சம்மதம், பரிமாறுவதுதான் உறுத்துகிறது. உனக்கும் உள்ளுக்குள் அப்படி ஒரு உறுத்தல் இருக்குமோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரித்தது உன் அப்பாதான். எந்த இலைக்கு ரசம் வரவில்லை, எந்தப் பெரியவர் கூச்சத்தில் மோர் கேட்காமல் இருக்கிறார் என்று வரிசை வரிசையாகப் பார்த்து ஆளை ஏவினான். அதில் அவனுக்குப் பெருமை. ஆனால் வாளி தூக்கிப் பரிமாறியவர்களின் பெயர் நம்மில் ஒருவருக்கும் தெரியாது. விசாரிப்பது கௌரவம், வாளி தூக்குவது கூலி வேலை என்று நம் வீடுகளில் பிரித்து வைத்திருக்கிறோம். அது தப்பு. உன் படிப்பில் இரண்டையும் ஒரே ஆள் செய்ய வேண்டும். அப்பா தீபாவளி முடிந்து வரும்போது வெளி ஆட்களுக்கு அனுமதி உண்டா என்று ஆசிரியரிடம் கேள். உண்டென்றால் உன் முறை நாளில் அவனைக் கூட்டிப்போய் உட்கார வை. அவன் தட்டை நீயே எடு.

இந்த ஹோட்டல் நிர்வாகப் படிப்பு நம் நாட்டில் எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள். 1954-ல் பம்பாயில் முதல் கல்லூரியைத் தொடங்கியது அகில இந்திய மகளிர் மத்திய உணவுக் கவுன்சில். அதற்குத் தலைமை தாங்கியவர் லீலாவதி முன்ஷி. நாடு தானியத் தட்டுப்பாட்டில் அடிபட்டு எழுந்துகொண்டிருந்த காலம். அவர் கணவர் கே.எம். முன்ஷி அதற்குச் சற்று முன்தான் மத்திய உணவு அமைச்சராக இருந்தார். டெல்லியில் பூசாவில் இருக்கும் உன் கல்லூரி 1962-ல் வந்தது. அதன் பெயரில் ஹோட்டல் நிர்வாகம், கேட்டரிங் இரண்டோடு ஊட்டச்சத்தும் சேர்ந்திருப்பதைக் கவனித்திருப்பாய். பூசா பாஸ்மதி ரகங்களை உருவாக்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையமும் அதே பூசாவில்தான் இருக்கிறது. அத்தனை பேர் உழைத்துக் கொண்டுவந்த அரிசி, கடைசிப் பத்தடி தூரத்தில் ஆறிப்போய் மேஜைக்கு வந்தால் எனக்கு மனசு ஆறாது.

ஆறிப்போவது என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு ஜனவரியில் டெல்லியிலேயே வேறொரு கல்லூரியின் பயிற்சி உணவகத்தில் நானும் மாமாவும் சாப்பிட்டோம். பரிமாறிய பையனுக்கு உன் வயதுதான் இருக்கும். ஸ்பூன் கீழே, ஃபோர்க் மேலே என்று ஒரே கையில் பிடித்து, இடப்பக்கம் குனிந்து, ஒரு பட்டாணி சிந்தாமல் தட்டில் வைத்தான். தண்ணீர் ஊற்றியதும் காலித் தட்டை எடுத்ததும் வலப்பக்கமிருந்து. பாடத்தில் ஒரு பிழை இல்லை. ஆனால் சூப் ஆறியிருந்தது. கடைசியில் "எல்லாம் நன்றாக இருந்ததா?" என்று கேட்டான். "ரொம்ப நன்றாக இருந்தது" என்றோம். அந்தக் கேள்விக்கு யாரும் வேறு பதில் சொல்வதில்லை. எங்கள் கிண்ணங்கள் பாதி சூப்போடு உள்ளே போயின. அதை அவன் பார்க்கவில்லை.

சமையல்கட்டில் சூப் கொதித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். கிண்ணத்தைச் சூடாக்காமல் ஊற்றி, ட்ரே நிறையும்வரை வைத்திருந்தால் டெல்லிக் குளிரில் என்ன ஆகும்? அடுப்படியில் ருசி பார்ப்பவனுக்கு அது தெரியாது. மேஜைப் பக்கம் நிற்பவனுக்குத்தான் தெரியும். சமையலில் பாதியைப் பரிமாறும்போதுதான் கற்க முடியும் என்று நான் நம்புவது இதனால்தான்.

ஆகவே பொதுவாகக் கேட்காதே. "சூப் இன்னும் சூடாக வேண்டுமா?", "காரம் தாங்குகிறதா?" என்று ஒன்றைக் குறித்துக் கேள். சாப்பாடு முடிந்தபின் கேட்காதே, இரண்டாவது வாய்க்குள் கேள். அப்போதுதான் திருத்த முடியும். திரும்பி வரும் தட்டில் என்ன மிச்சம் என்று பார். அதை உள்ளே நிற்கும் நண்பனிடம் குற்றம் சொல்லாமல், அடுத்த மேஜைக்குப் போகும் முன்பே சொல். பயிற்சி உணவகத்துக்கு வருகிறவர்கள், பிள்ளைகள் பழகுகிறார்கள் என்று தெரிந்தே வருகிறவர்கள். இப்படிக் குறித்துக் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். நாளைக்குப் பெரிய ஹோட்டலில் வருகிற விருந்தாளி ஒன்றும் சொல்ல மாட்டார், மறுபடி வரவும் மாட்டார்.

உன் மற்றப் பாடங்களான ஃப்ரண்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். பரிமாறும்போது போடும் கறுப்பு ஷூவைக் கரோல் பாக்கில் சாயங்காலமாகப் போய் வாங்கு; நாள் முழுக்க நின்ற கால் அப்போதுதான் சரியான அளவு காட்டும். முதல் நாள் முடிந்ததும் எந்தத் தட்டில் என்ன மிச்சம் வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை