திரும்பி வரும் அலை

வேதபாடம்: 2 கொரிந்தியர் 4:15

இந்த முறை ஒரே ஒரு ஆங்கில வார்த்தையைத் தியானிப்போம். 1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் வேதாகமத்தில் இந்த வசனத்தில் 'ரிடவுண்ட்' என்ற வினைச்சொல் வருகிறது. "இது என்ன, கேள்விப்படாத வார்த்தையா இருக்குதே?" என்கிறீர்களா?

இதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. 'உண்டா' என்றால் அலை. 'ரெ' என்றால் திரும்ப. இரண்டும் சேர்ந்த வினைச்சொல்லுக்கு, நிரம்பி வழிதல், அலைபோலத் திரும்பிப் புரண்டு வருதல் என்று அர்த்தம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், நாளடைவில் ஒரு செயலின் பலன் ஒருவருடைய புகழுக்கோ இகழ்ச்சிக்கோ போய்ச் சேருவதைக் குறித்தது.

பவுல் எழுதின கிரேக்கச் சொல்லும் பெருகுதல், மிஞ்சுதல் என்ற பொருள் உடையதே. ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பின்பு பன்னிரண்டு கூடை மீதியானதைச் சொல்லும் மத்தேயு 14:20-லும் அதே சொல்தான்!

பவுல் இதை எந்த நிலைமையில் எழுதுகிறார்? 8, 9 வசனங்களை வாசித்துப் பாருங்கள். எப்பக்கமும் நெருக்கம், துன்பம். ஆனாலும் அந்தப் பாடுகளினால் கிருபை அநேகரிடத்தில் போகிறது. அவர்கள் ஸ்தோத்திரம் பண்ணுகிறார்கள். அந்த ஸ்தோத்திரம் பெருகித் தேவனுடைய மகிமைக்குப் போய்ச் சேருகிறது. அல்லேலூயா!

ஆனால், அலை இன்னொரு விதமாகவும் புரளும். தாவீது ரகசியமாய்ப் பாவம் செய்தான். யாருக்கும் தெரியாது என்று நினைத்தான். நாத்தான் வந்து என்ன சொன்னார்? கர்த்தருடைய சத்துருக்கள் அவரைத் தூஷிக்க நீ இடம் கொடுத்தாய் என்றார் (2 சாமுவேல் 12:14). பாவம் தாவீதினுடையது, தூஷணமோ கர்த்தருடைய நாமத்துக்கு! தாவீது மன்னிப்புப் பெற்றான். ஆனாலும் விளைவு அவன் வீட்டைத் தொடர்ந்தது.

பிரியமானவர்களே, மளிகைக் கடையில் வாங்கின கடனைக் கொடுக்காமல் ஞாயிற்றுக்கிழமை கைகளை உயர்த்தி ஆராதித்தால் கடைக்காரர் என்ன சொல்லுவார்? "அந்தச் சபைக்காரங்களே இப்படித்தான்" என்பார். நம்முடைய பெயரை அல்ல, இயேசுவின் நாமத்தையே சொல்லுவார். அதே தெருவில், வியாதிப்படுக்கையிலும் முறுமுறுக்காமல் ஸ்தோத்திரிக்கிற ஒரு தாயைப் பார்த்து, "இவங்க தேவன் யாரு?" என்று கேட்பவரும் உண்டு.

உங்கள் வீட்டிலிருந்து புறப்படும் அலை யாருக்கு என்ன கொண்டுபோகிறது? இன்றைக்கே சீர்ப்படுத்த வேண்டியதைச் சீர்ப்படுத்துங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, முழங்காலில் நில்லுங்கள். எழுப்புதல் அங்கேதான் ஆரம்பமாகிறது. கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.